ஒன்பது கொழுக்கிகள்

எங்கள் ஆட்களுக்கு வீடு பார்க்கத் தெரியாது. வீடு பார்க்க ஆள் சேர்க்கத்தான் தெரியும். ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில் நாங்கள் இப்போது இருக்கும் மூன்றாம் மாடி வீட்டை வாங்குவதற்கு முன் பார்க்கப் போன அன்று, என்னோடும் என் கணவரோடும் இன்னும் ஒன்பது பேர் வந்தார்கள். நோர்வேக்காரர் வீடு பார்க்க வந்தால் இரண்டு பேர் வருவார்கள், மெல்லக் கதைப்பார்கள், போய்விடுவார்கள். வாசலில் நின்ற விற்பனை முகவர், காலணிக்கு மேலே போடும் நீலப் பிளாஸ்டிக் உறைகளை எங்களுக்கு நீட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் உறை முடிந்துபோய்விட்டது. அதற்குள் ஒருவர் குழாயைத் திறந்து தண்ணீரின் வேகம் பார்க்கிறார். இன்னொருவர் சுவரைத் தட்டுகிறார். என் அக்கா கழிப்பறையில் தண்ணீரை இழுத்துவிட்டு, தொட்டி நிரம்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாள். வந்த அத்தனை பேரும் நாளைக்கே குடிவரப் போகிறவர்கள்போல முகத்தை வைத்துக்கொண்டு குறை சொல்ல வேண்டும். அதுதான் எங்கள் முறை. குறை சொல்லாதவருக்கு அக்கறை இல்லை என்று பொருள். வாங்கப் போவது யார் என்று அந்த முகவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

இதை நான் பலரிடம் பகிடியாகச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இதே பழக்கத்தால் வடக்கே ஓர் ஊருக்கே ஆசை காட்டி மோசம் செய்வோம் என்று அப்போது நினைக்கவில்லை.

நான் ஆசிரியை. ஒஸ்லோவின் கிழக்குப் பள்ளத்தாக்கில், குரோருட்டுக்கும் ரொம்மனுக்கும் இடையில் வசிக்கும் யாருடைய பிள்ளையையாவது நான் படிப்பித்திருப்பேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் இடம் போதாமல், விளையாட்டுத் திடலின் ஒரு மூலையில் மரப்பெட்டிகள் போலத் தற்காலிக வகுப்பறைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். அவற்றுக்கு இரண்டு தடவை வண்ணம் அடித்தாயிற்று. என் வகுப்பில் இருபத்தேழு பிள்ளைகள். யாராவது ஒருவர் இடம் மாறிப் போனால், அந்த நாற்காலி குளிர்வதற்குள் அடுத்த பிள்ளை வந்து உட்கார்ந்துவிடும். வகுப்புக்கு வெளியே நடைபாதைச் சுவரில் ஜாக்கெட்டை மாட்டும் கொழுக்கிகளின் வரிசை இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு பிள்ளையின் பெயர். எங்கள் நடைபாதையில் அந்தப் பெயர்களை ஒட்டுவதும் உரிப்பதும் என் வேலை. வருடம் முழுக்க உரித்து உரித்து என் பெருவிரல் நகம் தேய்ந்தே போயிற்று.

நாடு வளர்கிறது என்று வானொலியில் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். எங்கே வளர்கிறது என்று யாராவது கேட்டால் எங்கள் நடைபாதைக்குக் கூட்டிவந்து காட்டுவேன். எல்லாரும் ஒரே பக்கம் ஏறி இருந்துகொண்ட வள்ளம் மாதிரித்தான் இந்த நாடு. நாங்கள் இருக்கும் பக்கம் தண்ணீர் விளிம்பைத் தொடுகிறது. மற்றப் பக்கம் அந்தரத்தில் நிற்கிறது.

அந்த மற்றப் பக்கத்தில்தான் நான் பிறந்தேன். வடக்கே பின்மார்க்கில் ஒரு மீன்பிடி ஊர். பெயரை எழுதமாட்டேன், அங்கே இருப்பவர்கள் சொற்பம், எழுதினால் யார் எவர் என்று தெரிந்துவிடும். யாழ்ப்பாணத்துத் தீவொன்றிலிருந்து வந்த என் அப்பாவும் அம்மாவும் அங்கே மீன் தொழிற்சாலையில் நின்றபடி மீன் வெட்டினார்கள். அவர்களைப்போல இன்னும் பல குடும்பங்கள் இருந்தன. என் முதலாம் வகுப்பில் ஏழு பேர். நான்கு பேர் தமிழ்ப் பிள்ளைகள். பிறகு தொழிற்சாலை மூடியது. முதலில் ஒரு குடும்பம் ஒஸ்லோவுக்குப் போய் ஹவுகன்ஸ்டுவாவில் வீடு எடுத்தது. அதே கோடையில் அதே படிக்கட்டைச் சுற்றி மற்ற எல்லாக் குடும்பங்களும் வீடு எடுத்துவிட்டன. ஒருவர் எழும்பினால் எல்லாரும் எழும்புவது எங்கள் இரத்தத்தில் உள்ளது. எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. எனக்கு அந்த ஊரில் ஞாபகம் இருப்பது சிவப்புச் சறுக்குவண்டியும் வெளிச்சமான கோடை இரவுகளும். அக்காவுக்கு ஞாபகம் இருப்பது அம்மாவின் வீங்கிய விரல்கள்.

போன பனி மாரியில், என்னோடு அந்த முதலாம் வகுப்பில் படித்த தோழி செய்தி அனுப்பினாள். ஊரைவிட்டுப் போகாமல் நின்ற மூன்று பேரில் ஒருத்தி அவள். இப்போது அதே பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை. அவளிடம் இருந்த பிள்ளைகள் பத்துப் பேர். ஓகஸ்ட் மாதம் பள்ளி தொடங்கும்போது பன்னிரண்டு பேர் பதிவில் இருந்தால் பள்ளி தொடரும், இல்லாவிட்டால் மூடப்படும் என்று உள்ளூராட்சி முடிவு எடுத்திருந்தது. மூடினால் பிள்ளைகள் மலையைத் தாண்டி அடுத்த ஊருக்குப் பேருந்தில் போக வேண்டும். மாரியில் பனிப்புயல் வந்தால் அந்த மலைப்பாதை மணிக்கணக்கில் மூடிக்கிடக்கும்.

"எனக்கு ஓர் ஆசிரியை வேண்டும், இரண்டு பிள்ளைகள் வேண்டும்" என்று எழுதியிருந்தாள். "மூன்றும் உன்னிடம் இருக்கிறது."

நான் அந்தச் செய்தியை ரொம்மன் நிலக்கீழ் ரயில் நிலையத்தில் நின்று படித்தேன். படித்துவிட்டு ஒரு ரயிலைத் தவறவிட்டேன். சந்தோஷத்தில்தான் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

என் கணவர் கோயம்புத்தூர்க்காரர். கணினி வேலை, மடிக்கணினியை விரித்து வைக்க ஒரு மேசை இருந்தால் எந்த ஊரும் அவருக்கு ஒன்றுதான். "நெட் இருக்குல்ல? அப்ப எனக்கு ஓகே" என்றார். எட்டு வயது மகளும் ஆறு வயது மகனும் அங்கே நாய் வளர்க்கலாமா என்று மட்டும் கேட்டார்கள். ஆண்டவரின் விண்ணேற்றத் திருநாளோடு சேர்ந்து வரும் நீண்ட வாரவிடுமுறையில் போய்ப் பார்ப்பதென்று முடிவெடுத்தோம். நாங்கள் நான்கு பேர் வருகிறோம், விற்பனைக்கு இருக்கும் வெள்ளை வீட்டைப் பார்க்க வேண்டும் என்று தோழிக்கு எழுதினேன்.

அக்காவிடம் சொன்னதுதான் தாமதம்.

"தனியப் போய் வீடு பாக்கிறதோ? உனக்கென்ன விசரே?" என்றாள். "கூரை ஒழுகினாலும் நீ வானத்தைப் பாத்துக் கவிதை சொல்லுவாய். நானும் வாறன்."

அக்கா தாதி. பள்ளத்தாக்கில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. கணவனைப் பிரிந்து, எட்டும் பத்தும் வயதான இரண்டு மகள்களோடு ஹவுகன்ஸ்டுவாவில் இருக்கிறாள். அவள் வருகிறாள் என்று கேள்விப்பட்டு சித்தப்பாவின் மகன் மனைவியோடும் மூன்று பிள்ளைகளோடும் சேர்ந்துகொண்டான். அவன் சொல்லி, எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் இருக்கும் இன்னொரு குடும்பம் இரண்டு பிள்ளைகளோடு சேர்ந்துகொண்டது. மொத்தம் பதினாறு பேர், அதில் ஒன்பது பிள்ளைகள். இரண்டு சோறு அவிக்கும் குக்கர், ஒரு பெட்டி நிறையப் பொரித்த ரோல்ஸ், மிளகாய்த் தூள்.

"நாம வீடு பாக்கப் போறோமா, இல்ல பொண்ணு பாக்கப் போறோமா?" என்று கணவர் கேட்டார்.

"உங்கடை ஊரிலை என்ன, தனியவோ போவினம்?" என்றாள் அக்கா.

"எங்க ஊர்ல ஜோசியரையும் கூட்டிட்டுப் போவோம்" என்று அவர் ஒத்துக்கொண்டார்.

நான்கு பேர் என்று எழுதியதைத் திருத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பார்க்கிறவர்கள் நாங்கள் நான்கு பேர்தானே. மற்றவர்கள் சும்மா கூட வருகிறவர்கள். இதை யாராவது விளங்கப்படுத்த வேண்டுமா என்ன?

விமானத்தில் போய், பிறகு வாடகைக்கு எடுத்த மூன்று வாகனங்களில் மலையைத் தாண்டி இறங்கினோம். மே மாதத்திலும் வீதியின் இரு பக்கமும் பனி ஆள் உயரம் நின்றது. துறைமுகத்தில் தோழி எங்களுக்காகக் காத்து நின்றாள். முதல் வாகனத்திலிருந்து நாங்கள் இறங்கினோம். அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். இரண்டாவது வாகனம் வந்து நின்றது. மூன்றாவது வந்தது. கதவுகள் திறந்து பிள்ளைகள் கொட்டுண்டு போனார்கள். அவள் முகம் சிவந்ததை நான் பார்த்தேன். குளிர் என்று நினைத்தேன். ஒவ்வொரு பிள்ளையிடமும் குனிந்து பெயரும் வயதும் கேட்டாள். எழுத்துக் கூட்டி எப்படி எழுதுவது என்று கேட்டாள். ஆசிரியைப் பழக்கம், விடமாட்டாள் என்று எண்ணி நானும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த நாள் வெள்ளை வீட்டைப் பார்க்கப் போனோம். ஊரில் ஆளில்லாத வீடுகளின் திறப்புகளையெல்லாம் ஓய்வுபெற்ற மீனவர் ஒருவர் வைத்திருந்தார். அவர் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். எங்கள் ஆட்கள் தங்கள் வேலையைத் தொடங்கினார்கள். சித்தப்பாவின் மகன் நிலக்கீழ் அறைக்கு இறங்கி ஈரம் இருக்கிறதா என்று சுவரை மோந்து பார்த்தான். பாடகர் குழுக்காரர் பனி தள்ளுவது யாருடைய பொறுப்பு என்று விசாரித்தார். அக்கா குழாய்களைத் திறந்தாள், மூடினாள், அடுப்பங்கரையில் நின்று மூக்கைச் சுளித்தாள்.

"மீன் பொரிச்சால் புகை எங்காலை போறது? இந்தச் சன்னல் காணாது" என்றாள். என்னைக் கொண்டு அதை நோர்வேஜிய மொழியில் சொல்லவைக்காமல், தானே அந்த மனிதரிடம் போய்ச் சொன்னாள்.

அந்த மனிதர் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, தயங்கித் தயங்கி, சன்னல் பெரிதாக உள்ள ஒரு மஞ்சள் வீடு இருக்கிறது என்றார். அதற்கப்பால் ஒரு நீல வீடும் இருக்கிறது.

"பாப்பம்" என்றாள் அக்கா.

பார்க்க ஒரு வீடு இருக்கிறது என்று சொன்னால் எங்களில் யார் மாட்டேன் என்பார்கள்? அன்று நாலு வீடு பார்த்தோம். எல்லாவற்றிலும் முழு மனதோடு குறை சொன்னோம். மஞ்சள் வீட்டில் மற்றவர்கள் வெளியே வந்த பிறகும் அக்கா வரவில்லை. நான் திரும்பிப் போய்ப் பார்த்தேன். அவள் முன்னறைச் சன்னலைக் கையால் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தாள்.

"என்ன செய்யிறாய்?"

"சும்மா" என்றாள். "திரைச்சீலைக்கு எத்தனை முழம் வேணும் எண்டு பாத்தனான்."

சனிக்கிழமை காலையில் என் கணவர் தேநீர்க் கோப்பையோடு நாங்கள் தங்கிய இடத்துக்கு வெளியே நின்று என்னைக் கூப்பிட்டார்.

"இங்க பாரு. நேத்து பார்த்த வீட்டுல எல்லாம் யாரும் இல்லைன்னுதானே சொன்னாங்க? புகை வருது."

பார்த்தேன். மஞ்சள் வீட்டின் புகைபோக்கியில் புகை. நீல வீட்டில் புகை. மேட்டிலிருந்த வெள்ளை வீட்டில் புகை. வருடக்கணக்காகக் குளிர்ந்து கிடந்த வீடுகளில், நாங்கள் மறுபடி பார்க்க வந்தால் சூடாக இருக்கட்டும் என்று யாரோ விடியமுன் எழும்பி விறகு போட்டிருக்கிறார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்களுடைய வழக்கப்படி வீட்டைப் பார்க்க வருகிறவர் வீடு தேடுகிறவர். பதினாறு பேர் வந்து சன்னலின் அளவு போதாது என்று குறைப்பட்டால், பதினாறு பேர் குடிவரப் போகிறார்கள் என்றுதானே பொருள்.

அன்று பதினொரு மணிக்குப் பள்ளிக்கூடத்தைக் காட்டுவதாகத் தோழி சொல்லியிருந்தாள். போனால், ஊரே அங்கே நிற்கிறது. மேசை நிறைய வாஃபல், அந்தப் பக்கத்துச் சதுப்பு நிலத்தில் பறிக்கும் முகிற்பழத்தில் பலாப்பழ நிற ஜாம், பெரிய பெரிய சூடுகுடுவைகளில் கோப்பி. தோழி எங்களை முதலில் நடைபாதைக்குக் கூட்டிப்போனாள். நான் எட்டு வயதில் ஜாக்கெட் கொழுவிய அதே நடைபாதை. பத்துக் கொழுக்கிகளில் அவளுடைய பிள்ளைகளின் பெயர்கள் இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில், புதிதாக வெட்டிய வெள்ளைக் கடதாசியில், அழகான கையெழுத்தில், இன்னும் ஒன்பது பெயர்கள். ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லை. ஒஸ்லோவில் பத்து வருடம் படித்த பிள்ளைக்குக்கூட எங்கள் பெயர்களைப் பிழையில்லாமல் எழுதித்தர ஆளில்லை.

பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு தங்கள் தங்கள் கொழுக்கியில் ஜாக்கெட்டைக் கொழுவினார்கள். என் மகனுக்கு எட்டவில்லை. ஒரு பெண் ஓடிப்போய்ப் படி கொண்டுவந்து வைத்தாள்.

சொல்லத்தான் வேண்டும். வாஃபல் மேசைக்கு முன்னால் நின்று, அவர்களுடைய மொழியில், முடிந்தவரை நேராகச் சொன்னேன். இந்த ஒன்பது பேரில் என் பிள்ளைகள் இரண்டு பேர்தான். மற்றவர்கள் எங்களோடு துணைக்கு வந்தவர்கள். எங்களில் ஒருவர் வீடு பார்க்கப் போனால் எல்லாரும் வருவார்கள், எல்லாரும் தங்கள் வீடு மாதிரிப் பார்ப்பார்கள். அது ஒரு பழக்கம். முதலிலேயே எழுதாதது என் பிழை. நாங்கள் நால்வரும்கூட இன்னும் முடிவெடுக்கவில்லை.

யாரும் கோபப்படவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திறப்புகளை வைத்திருந்த மனிதர் சட்டைப்பைக்குள் கையைவிட்டுத் திறப்புக் கோவையை ஒருமுறை அமத்திப் பார்த்தார். ஒரு பெண் என் கோப்பையில் மறுபடி கோப்பி ஊற்றினாள். என் அக்கா இன்னொரு வாஃபலை எடுத்துக்கொண்டு, அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் எங்கே வேலை செய்கிறாள் என்று விசாரிக்கத் தொடங்கினாள். முதியோர் இல்லத்தில் என்றாள் அந்தப் பெண். தாதி கிடைக்காமல் ஒரு பக்கத்து அறைகளைப் பூட்டிவைத்திருக்கிறார்களாம்.

தோழிதான் நடைபாதையில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"முன்பும் நீங்கள் இப்படித்தான் செய்தீர்கள்" என்றாள். "ஒரே கோடையில் எல்லாரும். ஓகஸ்டில் நான் வகுப்புக்கு வந்தேன். ஏழு மேசை இருந்தது, மூன்று பேர் இருந்தோம். மற்ற மேசைகளை எடுக்கவேண்டாம், அவர்கள் திரும்பி வருவார்கள் என்று நான் அழுதேன்."

"தொழிற்சாலையை நாங்களா மூடினோம்?" என்று நானும் விட்டுக்கொடுக்காமல் கேட்டேன். "உன் அப்பாவுக்குப் படகு இருந்தது. என் அப்பாவுக்கு என்ன இருந்தது?"

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "உன்னுடைய இரண்டு பேர் வந்தால் போதும்" என்றாள். "பன்னிரண்டு போதும்."

ஒஸ்லோவுக்குத் திரும்பினோம். கணவர் போகலாம் என்றார். பிள்ளைகள் போகலாம் என்றார்கள். முடியாது என்றது நான்தான். ஏன் என்று அவர் கேட்டபோது மழுப்பினேன். இங்கே நேர்மையாக எழுதுகிறேன். அந்த நடைபாதையில் நின்றபோது, நான் தேடி வந்தது ஊரை அல்ல, என் எட்டு வயதை என்று விளங்கிவிட்டது. சிவப்புச் சறுக்குவண்டிக்காக இரண்டு பிள்ளைகளை மூட்டைகட்டிக்கொண்டு போக முடியாது. திங்கட்கிழமை என் இருபத்தேழு பேரின் முன்னால் நின்றபோது, எனக்கு இந்த நெரிசலே பிடித்திருக்கிறது என்பதும் தெரிந்துபோயிற்று. வெட்கமாக இருந்தது. ஆனால் அதுதான் உண்மை.

அதைத் தோழிக்குச் சொல்ல வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று பத்து நாள் கடத்தினேன். அக்கா ஒவ்வொரு நாளும் கேட்டாள்.

"சொல்லிட்டியே?"

"இல்லை."

"அந்த மனுசி ஓகஸ்ட் வரையும் உன்னை நம்பிக்கொண்டிருக்கிறதே? இது பெரிய பாவம் கண்டியோ."

"எனக்கு வாய் வருகுதில்லை அக்கா."

பதினோராம் நாள் அவள் என் வீட்டுக்கு வந்து கையை நீட்டினாள். "ஃபோனைத் தா. நான் கதைக்கிறன்."

ஃபோனை எடுத்துக்கொண்டு மாடத்துக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். கண்ணாடிக்கு அப்பால் அவள் நடந்து நடந்து கதைப்பதைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க எவ்வளவு நேரம் எடுக்கும்? கால் மணி போயிற்று. அரை மணி போயிற்று. இடையில் ஒருமுறை அவள் சிரித்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சோற்றை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், காற்றில் கையை விரித்து எதையோ சாண் போட்டு அளந்து காட்டிக்கொண்டிருக்கிறாள்.

உள்ளே வந்து ஃபோனை மேசையில் வைத்தாள்.

"நீ வரேல்லை எண்டு சொல்லிட்டன்."

"என்ன சொன்னவள்?"

"அழுதவள்" என்றாள் அக்கா. "பிறகு நான் வாறன் எண்டு சொன்னனான். பிறகும் அழுதவள்."

நான் நம்பவில்லை. அந்த ஊரின் பெயரைச் சொன்னாலே எழுந்து போகிறவள் அவள். அம்மாவின் விரல்களைப் பற்றி இன்றைக்கும் கதைக்க விடமாட்டாள். "உனக்கு அந்த ஊரைப் பிடிக்காதே" என்றேன்.

"பிடிக்காதுதான். பிடிக்கிறது வேறை, இருக்கிறது வேறை. நீ அங்கை போய்ப் பழசைத் தேடினனி. நான் தண்ணி ஒழுங்கா வருகுதோ எண்டு பாத்தனான். நல்லா வருகுது." பிறகு, சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டே, கொஞ்சம் மெல்லச் சொன்னாள். "இஞ்சை எங்கடை படிக்கட்டிலை ஏறேக்கை இறங்கேக்கை எனக்குப் புத்தி சொல்லாத ஆள் இல்லை. பிரிஞ்சவள், தனிய இருக்கிறவள் எண்டு. அங்கை எனக்குப் புத்தி சொல்ல ஒருத்தரும் வராயினம். முழுநேரத் தாதி வேலை, பள்ளிக்கூடம் வாசலிலை, அந்த மஞ்சள் வீடு. பிள்ளையளும் ஓம் எண்டிட்டினம்."

இரண்டு மகள்கள். பத்தும் இரண்டும் பன்னிரண்டு. நான் சாப்பாட்டு மேசையில் இருந்து, பெரிய மனுசி, சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அக்கா எனக்கு ஒரு ரோல்ஸை எடுத்து வைத்து, முதலில் சாப்பிடு என்றாள்.

ஜூலை முடிவில் அவள் போனாள். எங்கள் ஆட்கள் விடுவார்களா? சாமான் இறக்கிக் கொடுக்கச் சித்தப்பாவின் மகன் பாரவண்டி ஓட்டிக்கொண்டு ஒஸ்லோவிலிருந்து மூன்று நாள் பயணம் செய்தான். திரும்பி வந்தவன் நாலு நாளாக அந்த ஊரின் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையைப் பற்றியே கதைத்தான். அவன் மனைவி காதில் விழாதது மாதிரி இருக்கிறாள். எங்கள் வழக்கம் எனக்குத் தெரியும், ஒருவர் எழும்பியாயிற்று. மற்றதைப் பார்ப்போம்.

பள்ளி தொடங்கிய அன்று தோழி ஒரு படம் அனுப்பினாள். அந்த நடைபாதை. மற்றப் பிள்ளைகளின் ஜாக்கெட்டுகளோடு என் அக்கா மகள்களின் ஜாக்கெட்டுகள், ஒன்று மஞ்சள், ஒன்று ஊதா. அவற்றின் பக்கத்தில் வெறும் கொழுக்கிகள் ஏழு, ஏழின் மேலும் மே மாதம் ஒட்டிய பெயர்கள் அப்படியே. என் மகளின் பெயர், என் மகனின் பெயர், மற்ற ஐந்து பேர். ஏன் உரிக்கவில்லை என்று கேட்டு எழுதினேன். இடம் இருக்கிறதே, அவை யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்று பதில் வந்தது.

அந்தச் செய்தி வந்தபோது நான் எங்கள் பள்ளியின் நடைபாதையில் நின்றிருந்தேன். அக்காவின் சின்ன மகள் எங்கள் பள்ளியில்தான் படித்தவள். அவளுடைய கொழுக்கி என் வரிசையில் இருந்தது. அந்த வாரமே புதுப் பிள்ளை ஒன்று வருகிறது, பெயரை மாற்றிவிடு என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். நகத்தை விட்டு ஓரத்தைக் கிளப்பினேன். இரண்டு வருடமாக ஒட்டியிருந்த பெயர், இலேசில் வரவில்லை. என் மகன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் ஃபோனில் அந்தப் படத்தைக் காட்டினேன். அவன் தன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து விரலை வைத்தான்.

"அம்மா, நான் அங்கை இல்லையே. ஏன் என்ரை பேரை எடுக்கேல்லை?"

இங்கே, இருந்து படித்த பிள்ளையின் பெயரை ஒரு கிழமைக்குள் உரிக்கிறேன். அங்கே, இன்னும் வராத பிள்ளையின் பெயரை வைத்துக் காத்திருக்கிறார்கள்.

அன்று மாலை அக்கா கூப்பிட்டாள். திரைச்சீலை அரைச் சாண் குறைந்துவிட்டதாம், அதற்காக ஒரு பாட்டம் திட்டினாள். பிறகு அவளுடைய பெரிய மகள் ஃபோனைப் பறித்து, பாட இடைவேளையில் கடற்கரைக்கே போகலாமாம் என்று மூச்சு விடாமல் சொன்னாள். மறுபடி அக்கா வாங்கினாள்.

"நத்தாருக்கு வாறியள்தானே?"

"ஓம்" என்றேன். "எத்தனை பேர் எண்டு இந்தமுறை முதலே எழுதுறன்."

"எழுதாதை" என்றாள். "எல்லாரையும் கூட்டிக்கொண்டு வா. கொழுக்கி கிடக்கு."